அண்ணன் கேட்ட நாலாவது தட்டு

1

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை வேலை முடிந்து டீ குடிக்கப் போனேன். எங்கள் ஆஸ்பத்திரியில் நர்சுகளுக்கென்று மூன்றாவது மாடியில் ஒரு சின்ன அறை இருக்கிறது. ஜன்னலில் ஹாம்பர்க் துறைமுகத்துக் கிரேன்கள் தெரியும். உள்ளே இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி உர்சுலா, என் வார்டில் வேலை பார்க்கிறவள். மற்றவன் ஹோல்கர், நோயாளிகளை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறவன். இருவருக்கும் இருபத்தைந்து வயது ஆகியிருக்காது. எந்த ‘ஷைபே’ உசத்தி என்பதுதான் சண்டை.

ஜெர்மனில் ஷைபே என்றால் ரொட்டித் துண்டு. அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். முதல் துண்டா நாலாவது துண்டா என்று இந்த அடி அடித்துக்கொள்கிறார்களே என்று நினைத்தபடி டீயில் சர்க்கரை போட்டேன். பிறகுதான் டைட் வார்டன்ஸ் என்ற ராக் குழுவின் பெயர் காதில் விழுந்தது. இசைத்தட்டையும் அவர்கள் பேச்சில் ஷைபே என்றே சொல்வார்களாம். ஏழு வருடம் இருந்தும் எனக்குத் தெரியவில்லை.

உர்சுலா என்னைப் பார்த்து, சிஸ்டர் பிலோமினா, நீங்களே தீர்ப்பு சொல்லுங்கள் என்றாள். விளையாட்டுக்குத்தான் கேட்டாள். இந்தியாவிலிருந்து வந்த, ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற இவளுக்கு ராக் பாட்டைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்திருப்பாள்.

“நாலாவது” என்றேன்.

ஏன் என்று ஹோல்கர் கேட்டான். இரண்டாம் பக்கம் தொடங்கும்போது பாடுகிறவன் தொண்டையைச் செருமி யாரிடமோ மன்னிப்புக் கேட்பான், அதை வெட்டாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள் என்றேன். கடைசிப் பாட்டில் டிரம் கிடையாது, டிரம்காரன் வெறும் காலால் தரையைத் தட்டுவது மட்டும் கேட்கும் என்றேன். அட்டையில் துணி காயப்போட்ட ஒரு கொடி என்றேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் சொன்னது எல்லாம் சரி.

அந்தத் தட்டை நான் அதுவரை கேட்டதில்லை. அதன் அட்டையைக்கூடப் பார்த்ததில்லை. இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் வியாசர்பாடி கௌதமன். அவருக்குச் சொன்னது என் அண்ணன் தனிஸ்லாஸ். அண்ணன் சொன்னபோது, அவன் செத்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

இங்கே யாரிடமும் இதைச் சொல்ல முடியாது. ஊரில் இருக்கிறவர்கள் படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

2

ராயபுரத்தில் எங்கள் வீடு கோயிலுக்குப் பின்தெருவில், மாடியில் ஒரே ஒரு போர்ஷன். அப்பா ரயில்வேயில் இருந்தார். நான் பள்ளியில் படிக்கும்போதே போய்விட்டார். தனிஸ் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறித்துக்கொள்ளும் டேலி கிளார்க்காக இருந்தான். நான் நர்சு படிப்பில் சேர்ந்திருந்தேன். அம்மாவும் நாங்கள் இருவரும்தான்.

கௌதமன் எங்கள் வீட்டுக்கு வந்தது மூர் மார்க்கெட் வழியாக. ஒரு பழைய ரெக்கார்டு பிளேயரை அண்ணனும் அவரும் ஒரே நேரத்தில் விலை கேட்டிருக்கிறார்கள். யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்தே வாங்கிவிட்டார்கள். வியாசர்பாடியில் கௌதமன் வீட்டுக்கு அப்போது கரண்ட் இல்லாததால், பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது. பெட்டிக்குப் பின்னாலேயே ஞாயிற்றுக்கிழமைதோறும் கௌதமனும் சைக்கிளில் வந்தார்.

அவருக்குத் திருவொற்றியூரில், விம்கோ நகரைத் தாண்டி ஒரு பட்டறையில் ஃபிட்டர் வேலை. ஓடுகிற மிஷின்மேல் திருப்புளியை வைத்து அதன் பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு, எந்த பேரிங் போகப்போகிறது என்று சொல்லிவிடுவாராம். அவர் குடும்பம் பௌத்தக் குடும்பம். சாமி, பேய், கழிப்பு எதுவும் அந்த வீட்டில் கிடையாது.

தட்டுகள் வந்தது ஒரு கோவாக்காரச் சமையல்காரர் மூலம். அவருடைய கப்பல் சில மாதத்துக்கு ஒருமுறை சென்னைக்கு வரும். வந்தால் எங்கள் கோயிலில் பூசை பார்ப்பார், எங்கள் வீட்டில் சாப்பிடுவார். லண்டனில் வாங்கிய டைட் வார்டன்ஸ் தட்டு ஒன்றை ஒருதடவை அண்ணனுக்குக் கொடுத்தார். அதற்கப்புறம் இரண்டு வந்தன. அவ்வளவுதான். எங்கள் வீட்டில் இருந்த மொத்த ராக் சங்கீதமும் அந்த மூன்று தட்டுகள்தான்.

அவற்றின் இங்கிலீஷ் பெயர்களை யாரும் சொல்லமாட்டோம். முதல் தட்டு ‘சிவப்பு’, அட்டையின் நிறம் அது. இரண்டாவது ‘பாலம்’, அட்டையில் பாலம் இருந்தது. மூன்றாவதில் பாட்டுக்குப் பாட்டு பிடில்கள் வரும் என்பதால் அதற்குக் ‘கல்யாணம்’ என்று பெயர். கல்யாணத்தை இரண்டு பேருமே மதிக்கமாட்டார்கள். சண்டை எப்போதும் சிவப்பா பாலமா என்பதுதான்.

கௌதமன் சிவப்புக் கட்சி. அதில் ஒரு பாட்டில் டிரம் ஒரு இடத்தில் தாமதமாக விழும். அது பிசகு என்பான் அண்ணன். பிசகுதான், ஆனால் மிஷினுக்கு அப்படிப் பிசகத் தெரியாது, மனுஷன் கை என்று அங்கேதான் தெரிகிறது என்பார் கௌதமன். பாலத்தில் யாரையும் மயக்கப் பார்க்கவில்லை, தங்களுக்காக வாசித்துக்கொள்கிறார்கள், அதுதான் பெரிய விஷயம் என்பது அண்ணன் வாதம். பிரம்பு நாற்காலியில் அண்ணனும் எதிரே முக்காலியில் கௌதமனும் உட்கார்ந்து மூன்று வருடம் இதையே பேசினார்கள். அம்மா இரண்டு டம்ளரில் டீ கொண்டுபோய் வைப்பார். என்னை யாரும் கேட்டதில்லை. எனக்குக் கல்யாணத்தில் ஒரு பாட்டு பிடிக்கும். சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லவில்லை.

3

அறுபத்தொன்பதில் அண்ணனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. முதலில் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துப் பார்த்தோம். கண்ணும் நகமும் பழுத்த பிறகு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நான் படித்துக்கொண்டிருந்த ஆஸ்பத்திரியே என்பதால் ஓய்வு நேரமெல்லாம் அவன் பக்கத்தில் இருக்க முடிந்தது.

ஒரு மத்தியானம், அம்மா வீட்டுக்குப் போயிருந்தார். வார்டில் எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் என்னைக் கிட்டே கூப்பிட்டான்.

“பிலோ, உண்மையச் சொன்னா சிவப்புதான் பெஸ்ட்டு. மொத நாளே எனக்குத் தெரியும்.”

அப்புறம் ஏன் மூன்று வருடமாகச் சண்டை போட்டாய் என்று கேட்டேன்.

“நானும் சிவப்புன்னு சொல்லிட்டா, அவன் ஞாயித்துக்கெழம எதுக்கு வருவான்?”

யாரிடமும் சொல்லாதே என்றான். நான் சொல்லவில்லை. அடுத்த வாரம் அவன் போய்விட்டான். இருபத்தாறு வயது.

4

முப்பதாம் நாள் பூசை முடிந்த அடுத்த ஞாயிறு கௌதமன் வந்தார். வாசலில் நின்று, தட்டு போட்டுக் கேட்கலாமா என்று அம்மாவிடம் அனுமதி கேட்டார். பெட்டியில் பாதி அவருடையது, அதற்கும் கேட்டார். முக்காலியில் உட்கார்ந்து சிவப்பை வைத்தார். ஒரு பக்கம் முடிந்ததும், பிரம்பு நாற்காலியைப் பார்த்துப் பேசினார்.

“தப்புதான் மாமு. நான் இல்லன்னு சொல்லல. ஆனா எவ்ளோ அழகா கீது.”

நான் சமையல்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். துக்கம், பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். அம்மா எழுந்து டீ போட்டார். டம்ளர் இரண்டு எடுத்தார். கொண்டுபோய் ஒன்றை முக்காலி பக்கமும் ஒன்றை நாற்காலி பக்கமும் வைத்தார்.

வாராவாரம் அப்படியே நடந்தது. ஒரு கட்டத்தில் நான் வேலையை விட்டுவிட்டுக் கவனிக்க ஆரம்பித்தேன். தனக்குத்தானே பேசுகிறவர்கள் ஒரே மாதிரி இடைவெளி விட்டுப் பேசுவார்கள். வார்டில் நிறைய பார்த்திருக்கிறேன். கௌதமன் அப்படி இல்லை. சில சமயம் உடனே பதில் சொல்வார். சில சமயம் நீளமாகக் கேட்டுக்கொண்டிருப்பார். ஒருதடவை பேச வாயெடுத்தவர் பாதியில் நிறுத்தி, குறுக்கே பேசுகிறவருக்கு வழிவிடுவது மாதிரிக் காத்திருந்தார். அவ்வளவு நேரமும் நாற்காலியில் யாரும் இல்லை. டீயில் ஆடை கட்டிக்கொண்டிருந்தது.

ஒருநாள் அவர் இறங்கிப் போகும்போது மாடிப்படியில் நிறுத்தி, அண்ணன் குரல் கேட்கிறதா என்று கேட்டேன். யோசித்துத்தான் பதில் சொன்னார்.

“குரல்னு இல்ல தங்கச்சி. மிஷின் ஓடசொல்லோ உள்ள பேரிங் சத்தம் தனியா தெரியும் பாரு, அத்த மாதிரி. பேய் கீய்னு நெனச்சிக்காத. எங்க வூட்ல அதெல்லாம் நம்பறதில்ல.”

பட்டறைக்கு ஒழுங்காகப் போனார், வந்தார். மற்ற விஷயம் எதிலும் அவரிடம் ஒரு கோளாறும் இல்லை. அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

ஒரு வருடம் கழித்து ஒரு ஞாயிறு, பாலம் ஓடிக்கொண்டிருந்தபோது கௌதமன் முள்ளைத் தூக்கிவிட்டார். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். முன்னால் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

“மொத நாள்லேர்ந்தா?” என்றார். மறுபடி காத்திருந்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அப்ப மூணு வருசமா என்ன ஏமாத்திகினு இருந்தியா மாமு. நான் வரணும்னா, வாடான்னா வந்துட்டுப் போறேன்.”

ஆஸ்பத்திரியில் அண்ணன் சொன்னது என் ஒருத்திக்குத்தான் தெரியும். வார்டில் வேறு யாரும் விழித்திருக்கவில்லை. அம்மாவிடம் கேட்டேன், அண்ணன் உங்களிடம் ஏதாவது சொன்னானா என்று. எனக்கே இப்போதுதானே தெரியும் என்றார் அம்மா. சொல்லும்போது சிரித்தார். அண்ணன் போன பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

5

இருவரும் சிவப்புதான் என்று ஆகிவிட்டதால் அடுத்த ஞாயிறு பேச எதுவும் இல்லை. கௌதமன் வந்து சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் வரமாட்டார் என்று நினைத்தேன். எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

வந்தார். வரும்போதே முகம் ஒரு மாதிரி இருந்தது. நாலாவது தட்டு வெளிவந்துவிட்டதாம், தனிஸ் கேட்டுவிட்டானாம், சிவப்பைவிட அதுதான் பெஸ்ட்டாம் என்று எங்களிடம் சொன்னார்.

கோவாக்காரரின் கப்பல் அந்த வருடம் வேறு தடத்துக்கு மாறிவிட்டது. அவர் சென்னைக்கு வருவதே நின்றிருந்தது. வேறு யாராவது கப்பல்காரன் சொன்னானா, ரேடியோவில் வந்ததா என்று குடைந்து குடைந்து கேட்டேன். இல்லை என்றார். வாராவாரம் புதிதாக ஒன்று சொன்னார். ஒருவாரம் அட்டை, ஒருவாரம் அந்தச் செருமல், ஒருவாரம் காலால் தட்டுகிற பாட்டு. சொல்லச் சொல்ல அவருக்கு ஏக்கம் ஏறிக்கொண்டே போனது. அவன் கேட்டதை நான் கேட்காமல் எப்படிச் சண்டை போடுவது என்பார். கன்னம் ஒட்டிப் போயிற்று.

பிறகு ஒரு ஞாயிறு அவருடைய கால்சட்டையில் ஒரு வெள்ளைக் கோடு பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே, சுற்றிலும். கடல்தண்ணீர் காய்ந்தால் உப்பு விட்டுப் போகும் கோடு. அடுத்த ஞாயிறு அந்தக் கோடு தொடையில் இருந்தது.

மாடிப்படியில் மறுபடி நிறுத்தினேன். எங்கே போய்விட்டு வருகிறீர்கள் என்றேன்.

“நெட்டுக்குப்பம். முகத்துவாரத்தாண்ட” என்றார். “வந்து கேளு, அப்பறம் பேசலாம்ன்றான்.”

எண்ணூரில் கழிமுகம் கடலோடு சேர்கிற இடம் அது. அண்ணன் உயிரோடு இருக்கும்போது லீவு நாளில் இருவரும் அங்கே போவார்கள். அண்ணன் நீந்துவான். கௌதமன் கரையில் சட்டையைக் காவல் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

“உங்களுக்கு நீச்சல் தெரியாதேண்ணே.”

“அவனுக்கும் அது தெரியும் தங்கச்சி. தெரிஞ்சும் கூப்புட்றான்.”

அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். யாரிடம் போய்ச் சொல்வது. பங்குச் சாமியாரிடம் சொன்னால் மந்திரிப்பார், கௌதமன் அதற்கு வரமாட்டார். அவர் வீட்டில் சொன்னால் பைத்தியம் என்று அடைத்துவிடுவார்கள். அந்த ஒரு வாரம் வார்டில் மருந்து மாற்றிக் கொடுத்துத் திட்டு வாங்கினேன்.

அடுத்த ஞாயிறு கோடு இடுப்பில் இருந்தது.

டிசம்பர் மாதம். அம்மா டீ வைத்துவிட்டு வந்தார். கௌதமன் முக்காலியில் உட்கார்ந்து நாற்காலியைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். சரி, சரி என்பதுபோல. எனக்கு என்ன தோன்றியதோ, நேரே உள்ளே போய் அந்தப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தேன். அண்ணன் போன பிறகு அதில் யாரும் உட்கார்ந்ததில்லை. பிரம்பு வெதுவெதுப்பாக இருந்தது. இப்போதுதான் ஒருவர் எழுந்துபோன இடம் எப்படி இருக்குமோ அப்படி. எழுந்து ஓடிவிடலாம் என்று இருந்தது. இரண்டு கையாலும் பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

கௌதமன் என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்குச் சற்று மேலே பார்த்தார். அண்ணன் என்னைவிட உயரம்.

“தங்கச்சி, அவன் உக்காந்துகினு கீறான்.”

“இல்லண்ணே. நான்தான் உக்காந்திருக்கேன்” என்றேன். “கல்யாணம்தான் பெஸ்ட்டு.”

“இன்னா?”

“மூணாவது தட்டு. சிவப்பும் இல்ல, பாலமும் இல்ல. உங்க ரெண்டு பேருக்கும் காது இல்ல.”

நான் விடவில்லை. எனக்குப் பிடித்த பாட்டைச் சொன்னேன். அதில் பிடில் எல்லாம் நின்ற பிறகு ஒரே ஒரு பிடில் மட்டும் நிறுத்த மறந்ததுபோல ஓடும், அதைக் கேட்டிருக்கிறீர்களா என்றேன். தாமதமாக விழுகிற டிரம்மைக் கொண்டாடுகிறவருக்கு அது மட்டும் எப்படிக் கேட்காமல் போயிற்று என்றேன். சொல்லிக்கொண்டே இருந்தேன். அவருடைய பார்வை மெதுவாக இறங்கி வந்தது. என் நெற்றிக்கு வந்தது. பிறகு என் கண்ணுக்கு வந்தது.

“கல்யாணம்லாம் ஒரு தட்டா?” என்றார். கோபமாகச் சொன்னார். “பிடில வெச்சி இழுத்துகினு. எங்க, அந்தப் பாட்டப் போடு பாப்போம்.”

போட்டேன். ஒன்றரை மணி நேரம் சண்டை போட்டோம். போகும்போது, உனக்கு ஒண்ணும் தெரியல, அடுத்த வாரம் சொல்லித் தரேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு அவர் கால்சட்டையில் உப்புக் கோடு நான் பார்க்கவில்லை.

திரும்பினால் வாசற்படியில் அம்மா நின்றுகொண்டிருந்தார்.

“உனக்கு வேற நாற்காலியே கெடைக்கலியா?” என்றார்.

உப்புக் கோட்டைப் பற்றிச் சொன்னேன். முழங்கால், தொடை, இடுப்பு என்று சொன்னேன். நான் விட்டிருந்தால் அந்த மனிதர் போயிருப்பார் அம்மா என்றேன்.

“தெரியும். நானும் பாத்தேன்” என்றார். பிறகு, ரொம்ப சாதாரணமாக, “அங்க அவன் தனியா இருக்கான் இல்ல” என்றார்.

6

அதற்கப்புறம் ஒன்றரை வருடம் ஊரில் இருந்தேன். ஞாயிறுதோறும் கௌதமன் வருவார், நான் நாற்காலியில் உட்காருவேன், சண்டை போடுவோம். அம்மா ஒரே ஒரு டீ வைப்பார், கௌதமனுக்கு மட்டும். என்னிடம் வேண்டியதைப் பேசுவார், மற்றபடி இல்லை. மகனோடு அம்மாவுக்கு இருந்த ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையை நான் எடுத்துக்கொண்டேன். ஒரு உயிரைக் காப்பாற்றத்தான் எடுத்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது அம்மாவுக்கு ஈடாகாது.

கன்னியாஸ்திரிகள் மூலம் ஜெர்மனிக்கு நர்சு வேலைக்கு ஆள் எடுத்தபோது விண்ணப்பித்தேன். புறப்படுகிற நாள் அம்மா என் நெற்றியில் சிலுவை போட்டார். எழுதச் சொல்லவில்லை. கௌதமன் சென்ட்ரல் வரைக்கும் வந்து பெட்டியை ஏற்றிவிட்டார்.

இங்கே வந்த புதிதில் வெளிநாட்டவர் அலுவலகத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். கூடப்பிறந்தவர் எத்தனை பேர் என்று ஒரு கேள்வி. ஒருவர் என்று எழுதினேன். அவருடைய முகவரியைக் கேட்டார் அந்த அதிகாரி. அண்ணன் இல்லை என்பதைத் தமிழில் நினைத்து அப்படியே ஜெர்மனில் சொன்னேன். அந்த மொழியில் அப்படிச் சொன்னால் இப்போது இங்கே இல்லை என்றுதான் அர்த்தமாம். அவர் பேனாவைத் தூக்கிக்கொண்டு, எப்போது திரும்பி வருவார் என்று கேட்டார். செத்துவிட்டார் என்பதற்கான வார்த்தை எனக்குத் தெரியும், வார்டில் தினம் கேட்கிற வார்த்தை. அன்றைக்கு வாயில் வரவில்லை. தெரியாது என்று சொன்னேன். அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

நாகர்கோவில் பக்கத்து ஜோசப்பை இங்கேதான் கட்டிக்கொண்டேன். கப்பல் கட்டும் தளத்தில் வெல்டர். மகள் ஆக்னஸுக்கு ஐந்து வயது. நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்வாள். சில நாள் நான் கேட்பது புரியாத மாதிரி என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். வருடாவருடம் அனுமதி நீட்டிப்பு, அது கிடைக்குமோ கிடைக்காதோ என்ற பயம், அப்புறம் குழந்தை, அப்புறம் லீவு இல்லை என்று ஏழு வருடம் ஓடிவிட்டது. ஒருதடவைகூட ஊருக்குப் போகவில்லை. இவை எல்லாம் உண்மையான காரணங்கள்தான். ஆனாலும் அந்த அறைக்குள் திரும்பப் போக எனக்குத் துணிச்சல் வரவில்லை என்பதும் உண்மை.

7

டீ அறையில் நான் பேசியதைக் கேட்டு ஹோல்கருக்கு என்மேல் மரியாதை வந்துவிட்டது. அந்த நாலாவது தட்டை மறுநாள் கொண்டுவந்து, வீட்டில் வைத்துக் கேளுங்கள் என்று கொடுத்தான். அட்டையைப் பார்த்தேன். சாம்பல் நிற வானம், ஒரு கொடி, ஈரத் துணிகள். கௌதமன் ஒரு வார்த்தை கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

மூன்று நாள் அலமாரியில் வைத்திருந்தேன். சனிக்கிழமை மத்தியானம், ஜோசப் ஆக்னஸைப் பூங்காவுக்குக் கூட்டிப்போயிருந்தபோது போட்டேன். இரண்டாம் பக்கத்தில் அந்தச் செருமல் வந்தது. மன்னிப்பும் வந்தது. கடைசிப் பாட்டில், அண்ணன் சொன்னபடியே, கால் தட்டும் சத்தம் மட்டும் வந்தது.

திரும்பவும் முதலிலிருந்து கேட்டேன். மூன்றாவது தடவையும் கேட்டேன். சந்தேகமே இல்லை. தட்டு மட்டம். நாலு பேரும் சோர்ந்துபோய், ஒருவரை ஒருவர் பிடிக்காமல் வாசித்திருக்கிறார்கள். உர்சுலாவுக்கும் ஹோல்கருக்கும் அதில் என்ன கிடைக்கிறதோ தெரியாது. சிவப்புக்குப் பக்கத்தில் இதை வைக்கவே முடியாது. சிவப்பை முதல் நாளே கண்டுகொண்ட காது அண்ணனுடையது. இதைக் கேட்டுவிட்டு அவன் பெஸ்ட்டு என்று சொல்லியிருக்கவே மாட்டான்.

அப்போதுதான் புரிந்தது. பொய் சொல்லியிருக்கிறான். உயிரோடு இருக்கும்போது பாலத்தைப் பற்றிச் சொன்ன அதே பொய், அதே காரணத்துக்காக. பேச எதுவும் இல்லையென்றால் கௌதமன் வரமாட்டாரே.

எனக்குச் சிரிப்பு வந்தது. தனியாக உட்கார்ந்து சிரித்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன். இத்தனை வருடமாக, இதெல்லாம் கௌதமனின் துக்கம், எங்கேயோ காதில் விழுந்ததை அண்ணன் சொன்னதாக நினைத்துக்கொண்டார் என்று எனக்கு ஒரு மூலையில் ஒரு சமாதானம் இருந்தது. கௌதமன் பொய் சொல்லத் தெரியாதவர். பொய் என்றால், அதைச் சொல்வதற்கு ஓர் ஆள் இருந்திருக்க வேண்டும்.

8

அன்றே அம்மாவுக்கு ஒரு ஏரோகிராம் எழுதினேன். தட்டைப் பற்றி எதுவும் எழுதவில்லை. கௌதமண்ணன் நன்றாக இருக்கிறாரா, அந்தப் பக்கம் வருவதுண்டா என்று மட்டும் கேட்டேன். அம்மாவுக்கு எழுதத் தெரியாது. பக்கத்து வீட்டு கிரேஸ் டீச்சரிடம் சொல்லி எழுதச் சொல்வார். ஏழு வருடமாக எனக்கு வந்த கடிதங்கள் எல்லாம் நாலு வரிதான். நலம், மழை பெய்தது, கோயில் திருவிழா முடிந்தது. இந்தமுறை இரண்டு பக்கம். அம்மா சொல்லச் சொல்ல டீச்சர் அப்படியே எழுதியிருக்கிறார்.

“கௌதமனுக்கு ஒரு குறையும் இல்ல. பொண்டாட்டி தங்கமான பொண்ணு. புள்ளைங்க ரெண்டு. பட்டறையில சூப்பர்வைசர் ஆயிட்டான். ஞாயித்துக்கெழம ஒண்ணுகூடத் தவறினது இல்ல. எப்பவும் போல வந்து உன்னோட சண்ட போட்டுட்டுத்தான் போறான். நீ அங்க போன மறு வாரத்துலேர்ந்தே வர்றான். நானும் ரெண்டு டீ வெக்கிறேன்.”

உன்னோட என்ற வார்த்தையில் நின்றுவிட்டேன். டீச்சர் தவறாக எழுதிவிட்டாரோ என்று பார்த்தேன். அடுத்த வரியிலும் அதே வார்த்தை இருந்தது. நான் சொல்வதையெல்லாம் கௌதமன் அம்மாவுக்குச் சொல்கிறாராம். ஜோசப்புக்குக் கையில் தீக்காயம் பட்டது, ஆக்னஸ் தமிழ் பேசாதது எல்லாம் தெரியுமாம். இரண்டையும் நான் யாருக்கும் எழுதியதில்லை.

கடைசிப் பத்தி இது.

“நான் எப்பவும் உள்ள போயித் தொந்தரவு பண்றதில்ல. போன வாரம் மனசு கேக்காம நானே போயி, எப்பதான்டி ஊருக்கு வருவேன்னு உன்னக் கேட்டேன். கௌதமன் ரொம்ப நேரம் காத்திருந்து பாத்தான். நீ ஒண்ணும் சொல்லலியாம்.”

மறுநாள் வேலைக்குப் போனதும் தலைமை நர்சிடம் லீவு கேட்டேன். இரண்டு மாதம் என்றதும் முகம் சுளித்தார். என் குரலில் என்ன இருந்ததோ, கையெழுத்துப் போட்டுவிட்டார். வெளிநாட்டவர் அலுவலகத்தில் திரும்பி வருவதற்கான முத்திரைக்கு இரண்டு நாள் வரிசையில் நின்றேன். ஜனவரி முதல் வாரத்துக்கு எனக்கும் ஆக்னஸுக்கும் டிக்கெட் கிடைத்துவிட்டது.

எல்லாம் கையில் வந்த பிறகு நேற்று அம்மாவுக்குப் பதில் எழுதினேன். நான் வருகிறேன் அம்மா, நானே வருகிறேன், என்னை நேரில் பார்த்துக் கேளுங்கள் என்று எழுதினேன். அதுவரைக்கும் கௌதமண்ணனிடம் எதுவும் கேட்க வேண்டாம் என்றும் எழுதினேன். தபால் ஆபீசில் கொடுத்துவிட்டு எத்தனை நாளாகும் என்று கேட்டேன். பத்துப் பன்னிரண்டு நாள் என்றார்கள்.

அதற்குள் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வரும். அந்த இரண்டு நாளும் நான் அங்கே என்ன பேசப்போகிறேன் என்று எனக்குத் தெரியவில்லை.